சிவப்புச் சில்லு

இடம் எழுத அனுமதியில்லை
12 பிப்ரவரி 1943

பாகீரதிக்கு ஆசீர்வாதம்.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பம்பாய்த் துறைமுகத்துக்கு வெளியே, சுற்றிலும் கடல் உள்ள ஒரு பாறை என்று மட்டும் எழுதலாம் என்று இங்கே மேலதிகாரியாக இருக்கும் பெரேரா சொன்னார். தபாலில் போடுமுன் தமிழ் தெரிந்த ஒருவர் இதைப் படித்துப் பார்ப்பாராம். முகம் தெரியாத அந்த மனிதருக்கும் என் நமஸ்காரம்.

வேலை கஷ்டமில்லை. பைனாகுலர் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கப்பலோ படகோ வந்தால் எந்தத் திசை, என்ன மாதிரி, என்ன கொடி என்று சொல்ல வேண்டும். கப்பல் கம்பெனியில் காகிதத்தில் மட்டும் பார்த்த கப்பல்களை இப்போது நேரில் பார்க்கிறேன். யுத்தம் முடிகிறவரை இந்த உத்தியோகம் இருக்கும். ஆள் எடுத்தபோது எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள், கடைசி வரி வரை தங்குதடையின்றிப் படித்தேன். கண் அபாரம் என்றார்கள்.

பைனாகுலரோடு ஒரு தகர டப்பா கொடுத்திருக்கிறார்கள். அதில் மூன்று ஜோடி நிறக் கண்ணாடிகள். ஃபில்டர் என்று பெயர். வளையல் வாய் அளவுகூட இல்லை. கண் வைக்கிற பக்கத்தில் மாட்டிக்கொள்ள வேண்டியது. காலையில் கடல்மேல் நீலமாகப் புகைமூட்டம் நிற்கும், அதற்கு மஞ்சள். போட்டதும் அழுக்குத் துணியை அலசி எடுத்தது போலக் கரை தெளிந்துவிடுகிறது. சாயங்காலம் சூரியன் மேற்கே தண்ணீரில் இறங்கும்போது கண் கூசும், அதற்குப் புகை நிறக் கண்ணாடி. அதைப் போட்டிருந்தாலும் சூரியனை நேரே பார்க்கக் கூடாது, கண் போய்விடும் என்று பெரேரா இரண்டு தரம் எச்சரித்தார். மூட்டம் மிகவும் கனமாக இருந்தால் சிவப்பு. அதைப் போட்டால் எனக்கு எல்லாம் மங்கிவிடுகிறது, அதனால் டப்பாவிலேயே கிடக்கிறது.

கூட வேலை பார்ப்பவன் இசக்கிப்பாண்டி, தாராவிக்காரன். தோல் மண்டியில் இருந்தவன். இந்தக் கண்ணாடிகளைச் சில்லு என்கிறான். அவன்தான் சமைக்கிறான், ரசம் பரவாயில்லை. உன் அண்ணாவிடம் இதைச் சொல்லாதே.

நம் மாடுங்கா அறையைப் பூட்டிச் சாவியை எதிர்வீட்டு விஜயலக்ஷ்மி மாமியிடம் கொடுத்தாயா? செம்பூரில் அண்ணா வீட்டில் உனக்குச் சௌகரியந்தானே? உன் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

வேங்கடசுப்ரமணியன்


செம்பூர்
1 மார்ச் 1943

நமஸ்காரம்.

கண்ணாடிகளைப் பற்றி ஒரு பக்கம், ரசத்தைப் பற்றி இரண்டு வரி, என் மனசைப் பற்றி ஒரு வரி. கணக்கு சரியாக இருக்கிறது. நடுவில் படிக்கிற அந்தத் தமிழ் தெரிந்தவர் புத்திசாலியாக இருந்தால், என் மனசில் என்ன என்று அவரே உங்களுக்கு விளக்கிச் சொல்லட்டும்.

சாவியை மாமியிடம் கொடுத்துவிட்டேன். இங்கே சௌகரியத்துக்குக் குறைவில்லை. தென்னையும் கிணறும் கொசுவும் இருக்கின்றன. கடைசி ரயில் போய்விட்டால் நரி ஊளையிடுகிறது. மாடுங்காவில் யாராவது படியேறுகிற சத்தமாவது கேட்கும். அண்ணா ஆபீஸ் போகிறார், ஷ்யாமளா மன்னிக்கு ஓயாத வேலை, நான் கூடமாட இருக்கிறேன். எத்தனை நாளைக்கு என்று அவர்கள் கேட்கவில்லை, அதுதான் பெரிய கஷ்டம்.

தெரியவில்லை என்று எழுதியதற்காகச் சொல்கிறேன். போன ஆனியில் எனக்கு வளைகாப்பு. கறுப்புப் புடவை கட்டி, கை கொள்ளாமல் வளை அடுக்கி உட்கார்ந்தேன். ஆடியில் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்தேன். அதற்கப்புறம் தீபாவளி. எதுவும் வேண்டாம் என்றேன். நீங்கள் கேட்கவில்லை, சரி, அரக்கில் எடுங்கள் என்றேன். எடுத்து வந்தது என்ன? இன்னொரு கறுப்புப் புடவை. நம் மனுஷாளில் கறுப்பு எதற்கு எடுப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? உண்டாகியிருக்கிறவளுக்கு ஒரு தரம் எடுப்பது. மஞ்சள் தடவி மணையில் வைத்ததைப் பார்த்துவிட்டு மன்னி எல்லார் எதிரிலும் கேட்டாள்: "அதுக்குள்ளேயேவா பாகீ? எத்தனை மாசம்?"

நீங்கள் கூடத்தில் அண்ணாவோடு லேகியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் உள்ளே போய்ப் பழைய புடவையை உடுத்திக்கொண்டேன். கொண்டுவந்ததைக் கட்ட மனசில்லாதவளுக்கு நான் எதற்கு என்று கோபித்துக்கொண்டு யுத்தத்துக்குப் போனவர் நீங்கள். நான் எங்கேயும் போகவில்லை.

பாகீரதி


இடம் எழுத அனுமதியில்லை
18 மார்ச் 1943

பாகீரதிக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். கோபம் வந்தது, மறைப்பானேன்.

நான் எடுத்து வந்தது அரக்கு. சுத்தமான அரக்கு. தீபாவளிக் கூட்டத்தில் இடிபட்டு, விளக்குக்கெல்லாம் காகிதம் ஒட்டி இருட்டடிப்புச் செய்திருந்த கடையில், அடுக்கிலிருந்து என் கையாலேயே உருவி எடுத்தேன். கடைக்காரன் எதுவும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தான். நம் கல்யாணத்தில் நீ கட்டிக்கொண்ட கூறைப்புடவையின் நிறம். அதைத்தான் மனசில் வைத்துக்கொண்டு போனேன். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்போம் என்று வாயால் சொல்ல எனக்கு வரவில்லை, புடவை சொல்லும் என்று நினைத்தேன்.

உடுத்தப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுது. அரக்கைக் கறுப்பு என்று ஆக்கி என்மேல் பழி போடாதே. அந்த நிலைமையில் உனக்குக் கறுப்பு எடுத்து வருகிற அளவுக்கு நான் நெஞ்சில் ஈரமில்லாதவனா?

இங்கே பேச ஆளில்லை. பெரேரா சீட்டுக்கட்டை வைத்துத் தனியாகவே விளையாடுகிறார். இசக்கிப்பாண்டி பேசுவான், ஆனால் அவனிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா? காலையில் மஞ்சளைப் போட்டுக் கரையைப் பார்க்கிறேன். துணி காயப்போட்ட மாடிகள் தெரிகின்றன. யார் வீடென்று தெரியாத மாடியை மணிக்கணக்காகப் பார்க்கிறேன். செம்பூர் இருக்கிற திசையை ஒரு குன்று மறைக்கிறது.

வேங்கடசுப்ரமணியன்


செம்பூர்
2 ஏப்ரல் 1943

நமஸ்காரம்.

புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் பிரித்துப் பார்த்தேன். மன்னியையும் அண்ணாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். வெட்கத்தை விட்டுத்தான் செய்தேன். கறுப்பு. கரையில் மட்டும் சரிகை. நாங்கள் எல்லாரும் குருடா, நீங்கள் ஒருவர்தான் கண் அபாரமா?

அடுத்த மாசத்திலிருந்து அரிசிக்கு ரேஷனாம். வீட்டில் எத்தனை பேர் என்று எழுதிக்கொள்ள வந்தார்கள். என் பேரை இங்கே எழுதுவதா, மாடுங்காவிலா என்று அண்ணா என் முகத்தைப் பார்த்தார். இங்கேயே எழுதச் சொல்லிவிட்டேன்.

பாகீரதி


இடம் எழுத அனுமதியில்லை
21 ஏப்ரல் 1943

பாகீரதிக்கு,

இதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாக யோசித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

திங்கட்கிழமை காலையில் தெற்கேயிருந்து ஒரு பாய்மரப் படகு வந்தது. உச்சியில் கொடி. கறுப்புக் கொடி என்று நான் சொன்னேன். பெரேரா எழுதிக்கொள்ளப் போனார். இசக்கிப்பாண்டி பைனாகுலர்கூட இல்லாமல் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். "சாமி, அது செவப்புல்லா. கருப்புங்கீயளே" என்றான்.

சிவப்புக் கொடி என்றால் வெடிமருந்து ஏற்றிய படகு என்று அர்த்தம். இங்கே வந்த முதல் நாளே சொல்லித்தந்த பாடம். அவன் விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். மூட்டம் காரணமாக இருக்கலாம் என்று, இத்தனை நாளும் டப்பாவிலேயே கிடந்த சிவப்புக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். கடலும் வானமும் இருண்டன. அந்தக் கறுப்புக் கொடி மட்டும் பாய்த்துணிக்குச் சமமாக வெளுத்துத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றினேன், கொடி கறுப்பு. போட்டேன், வெளுப்பு.

கண்ணாடிதான் கோளாறு என்று என் குடையை எடுத்துத் தூரத்தில் வைத்துப் பார்த்தேன். குடை கறுப்பாகவே இருந்தது. இசக்கிப்பாண்டியின் தலைத்துண்டை வைக்கச் சொன்னேன். அதுவும் எனக்குக் கறுப்புத்தான், இத்தனை நாளும் கறுப்புத் துண்டு என்றே நினைத்திருந்தேன். சிவப்புச் சில்லு வழியாக அதுவும் வெளுத்தது. "இது எங்கம்மா வாங்கிக் குடுத்த செவப்புத் துண்டு சாமி" என்றான்.

பாகீரதி, எனக்குச் சிவப்பு தெரியாது. கனத்த சிவப்பெல்லாம் எனக்குக் கறுப்பு. பிறந்ததிலிருந்தே அப்படியாம், சிலருக்கு உண்டு என்று பெரேரா சொல்கிறார். மற்றவர்களுக்கு வேறு மாதிரி தெரிகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? காய்த் தக்காளியாகப் பொறுக்கி வருகிறேன் என்று நீ எத்தனை தரம் சண்டை போட்டிருக்கிறாய். உன் நெற்றிக் குங்குமத்தை மைப்பொட்டு என்றேதான் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்தில் நீ கட்டியிருந்த கூறையும் எனக்குக் கறுப்புத்தான். அரக்கு என்றால் அந்த நிறம் என்று நினைத்திருந்தேன். அதனால்தான் கடையில் கறுப்பை உருவினேன்.

நீ எழுதியது நிஜம். நான் எழுதியதும் பொய்யில்லை.

சில்லைப் போட்டும் கழற்றியும் பார்த்தால் சமாளிக்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று இசக்கிப்பாண்டி சொன்னான். விளக்கு வைத்த பிறகு படகுகளில் சிவப்பும் பச்சையுமாக எரிகிறதை அப்படிச் சமாளிக்க முடியாது. பெரேராவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். மாற்று ஆள் வரும்வரை எழுத்து வேலை மட்டும். அப்புறம் கரையில் இறக்கிவிடுவார்கள்.

இறங்கி எங்கே போவது என்று நீதான் எழுத வேண்டும்.

வேங்கடசுப்ரமணியன்


செம்பூர்
9 மே 1943

நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தை அண்ணாவும் மன்னியும் படித்தார்கள். "பாவம், வேணும்னு பண்ணலையே அவர். இதுக்குப் போயா இத்தனை நாள்" என்றாள் மன்னி. அண்ணா அன்றைக்கே மாம்பழம் வாங்கி வந்தார். வழக்கு தீர்ந்துவிட்டது என்று இந்த ஆத்தில் எல்லாருக்கும் சந்தோஷம்.

எனக்கும் ஒரு நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது. வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரிந்ததே பெரிது. குங்குமத்தைப் பற்றி எழுதிய இடத்தில் அழுதுவிட்டேன். மறுநாள் எழுந்து யோசித்தேன்.

புடவை உங்களுக்குத் தெரியவில்லை, சரி. என் முகம் தெரிந்ததா இல்லையா? ஆடியிலிருந்து தீபாவளி வரைக்கும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். நீங்கள் காப்பி கலந்து பக்கத்தில் வைத்துவிட்டு, ஓசைப்படாமல் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸுக்குப் போவீர்கள். என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைப் பார்க்க எந்த நிறக் கண்ணாடி வேண்டும்? அந்த டப்பாவில் அது இருக்கிறதா என்று உங்கள் பெரேராவைக் கேளுங்கள்.

புடவையைப் பெரிதுபடுத்தினேன் என்று மன்னி சொல்வது சரி. பெரிதாக இருந்தது வேறு. அதைச் சொல்ல வாயில்லாமல் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு நினைவு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளையா பெண்ணா என்று கேட்டேன். நர்ஸ் தலையைத் திருப்பிக்கொண்டாள். மன்னி, "அதெல்லாம் கேட்கப்படாது, மறந்துடு" என்றாள். பார்த்தவர்களில் எனக்கென்று இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். தூக்கிக்கொண்டு போனவரும் நீங்கள்தான். எங்கே கொண்டுபோனீர்கள், எப்படி இருந்தது, ஒன்றும் எனக்குத் தெரியாது. எட்டு மாசம் என் வயிற்றில் புரண்டது. எனக்குத் தெரியாததை உங்கள் மனசில் வைத்துப் பூட்டிக்கொண்டு, கடலைப் பார்க்கப் போய்விட்டீர்கள்.

எங்கே இறங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குப் பதில் எழுதுங்கள், அப்புறம் நான் அதற்குப் பதில் எழுதுகிறேன்.

பாகீரதி


இடம் எழுத அனுமதியில்லை
25 மே 1943

பாகீரதிக்கு,

படகுக்காரன் நிற்கிறான். நான்கு தரம் ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். நடுவில் ஒருவர் படிப்பாரே என்பது ஒரு தடங்கல். அது மட்டும் இல்லை. மழை வருவதற்குள் இன்னொரு படகு உண்டு என்கிறார்கள். அதில் எழுதுகிறேன். எழுதாமல் இருக்க மாட்டேன்.

வேங்கடசுப்ரமணியன்


இடம் எழுத அனுமதியில்லை
8 ஜூன் 1943

என் பாகீரதிக்கு,

பெண்.

படிக்கிறவர் படித்துக்கொள்ளட்டும், அவருக்கும் குழந்தை குட்டி இருக்கும்.

டாக்டரம்மாள் மூச்சு இல்லை என்று இரண்டு தரம் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தாள். அதில் சந்தேகம் வேண்டாம். வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. முகம் மட்டும் தெரிந்தது. தலை நிறைய முடி, ஈரத்தில் நெற்றியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை விரலால் ஒதுக்கிவிட்டேன். காது அப்படியே உன் காது, மடல் கன்னத்தோடு சேர்ந்தாற்போல. துணிக்குள் கையை விட்டு அவள் கையை எடுத்துப் பார்த்தேன். சுண்டு விரல் என்னுடையது மாதிரி உள்ளே வளைந்திருந்தது. நகம் வளர்ந்திருந்தது.

சாஸ்திரிகளைக் கேட்டேன். பிறந்து மூச்சு விடாததற்குக் கர்மம் எதுவும் இல்லை, புதைத்துவிட்டு வந்து ஸ்நானம் பண்ணு என்றார். நல்ல மழை. யாரையும் கூப்பிடவில்லை, நானே எடுத்துக்கொண்டு சயான் பக்கத்து மயானத்துக்கு நடந்தேன். குடையை அவள் மேல் பிடித்துக்கொண்டேன். நான் தொப்பலாக நனைந்துவிட்டேன். மயானத்துக்காரன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். குழி வெட்டும்வரை அவளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும், காட்ட முடியும்.

உன் முகம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் பேசவில்லை. பேசினால் நீ அவளைப் பற்றிக் கேட்பாய். கேட்டால் ஒன்று சொல்ல வேண்டிவருமே என்று பயந்தேன். அதையும் இப்போது எழுதிவிடுகிறேன்.

அவள் உதடு கறுத்திருந்தது. மற்றதெல்லாம் தூங்குகிற குழந்தைதான். உதடு மட்டும் கறுகிப்போய் இருந்தது. உள்ளே என்ன கஷ்டப்பட்டாளோ, யார் செய்த பாவமோ என்று அதையே பார்த்தேன். கண்ணை மூடினால் அந்தக் கறுப்பு உதடுதான் வரும். ஆபீஸில் வரும், ரயிலில் வரும், நீ காப்பித் தம்ளரை வாயில் வைக்கும்போது வரும். அதை உன்னிடம் சொல்லி உன் கண்ணிலும் ஏற்றிவிடக் கூடாது என்றுதான் கதவைச் சாத்திக்கொண்டு போனேன். பாறைக்கு வந்ததும் அதற்குத்தான்.

சித்திரையில் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு முதலில் புடவை ஞாபகம் வந்தது. அப்புறம் இது வந்தது. குங்குமம் எனக்குக் கறுப்பு. அரக்கு கறுப்பு. அப்படியானால் அந்த உதடு? அது எந்த நிறத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியாது, பாகீரதி. இனிமேல் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. எந்தச் சில்லைப் போட்டுப் பார்த்தாலும் அவள் இல்லையே.

அடுத்த படகில் என்னை இறக்கிவிடுகிறார்கள்.

வேங்கடசுப்ரமணியன்


மாடுங்கா
22 ஜூன் 1943

நமஸ்காரம்.

கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. மன்னி கையை நீட்டினாள். கொடுக்கவில்லை. கொல்லையில் கிணற்றடியில் உட்கார்ந்து படித்தேன். மழை வந்தது, கடிதத்தைப் புடவைக்குள் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தேன். நடுவில் படிக்கிறவர் ஒரு வரியைக்கூட அடிக்கவில்லை. அவர் நன்றாக இருக்கட்டும்.

மறுநாள் அண்ணாவிடம் சொல்லிவிட்டு இங்கே வந்துவிட்டேன். விஜயலக்ஷ்மி மாமியிடம் சாவி வாங்கி அறையைத் திறந்தேன். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்துத் தரையெல்லாம் பாசி. தேய்த்துக் கழுவினேன். ரேஷன் கார்டை மாற்ற எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அந்த வேப்பமரத்தடிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பெண்கள் மயானத்துக்கு வரக் கூடாது என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும்.

அவளுக்கு நிறைய முடி என்பதை நூறு தரம் படித்தாயிற்று. காதையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் அவளுக்குக் குடை பிடித்தீர்கள் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே. தெரிந்திருந்தால் உங்களை ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?

உதடு சிவப்பாகத்தான் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் பிறக்கிற பெண்களுக்கெல்லாம் பிறக்கும்போதே உதடு செக்கச்செவேல் என்று இருக்கும் என்று அம்மா சொல்லுவாள். எனக்கும் அப்படித்தானாம். நான் பார்க்கவில்லை, ஆனாலும் இது எனக்குத் தெரியும். அவள் என்னுள் இருந்தவள், அவள் நிறத்தை நான் சொல்கிறேன், நீங்கள் நம்புங்கள். கண்ணை மூடும்போது இனி அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு எப்படி இருக்கும் என்று தெரியாவிட்டால் பரவாயில்லை, அழகாக இருந்தது என்று நினைத்துக்கொண்டால் போதும்.

இத்தனை நாளாக அவளுக்கு நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள். உங்களுக்கும் யாரும் இல்லை, எனக்கும் யாரும் இல்லை. இப்போது அவளைப் பற்றிப் பேச உலகத்தில் இரண்டு பேர் இருக்கிறோம். நேரே ஆத்துக்கு வாருங்கள்.

பாகீரதி